என் நம்பர் யார் யாரிடமோ இருக்கிறது, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வியாசை_நிலா:
எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன், மணலி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கொஞ்ச நாளாக முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து என் பெயர், அப்பா பெயர், வயது எல்லாம் சொல்லி லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். எந்த வங்கியில் கணக்கு என்பது வரை ஒருவர் சொன்னார், எனக்குப் பயமாகிவிட்டது. கூகுளில் என் பெயரைப் போட்டால் வேறு யார் யாரோதான் வருகிறார்கள். ஃபேஸ்புக்கில் கணக்கு இருக்கிறதே தவிர எதுவும் போடுவதில்லை. அப்புறம் எப்படி? என்னைப் பற்றி வெளியே என்ன இருக்கிறது என்று நானே பார்க்க வழி உண்டா?

ராயபுரம்_ரயிலடி:
நிலா, பெயரைத் தேடுவதை விடுங்கள். நம் பக்கம் ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், அதிலும் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஆளை அடையாளம் காட்டுவது பத்து இலக்க நம்பர்தான். வங்கி, ஆதார், கேஸ், டெலிவரி எல்லாம் அதோடுதான் கோத்திருக்கிறது. எம்.சி. ரோட்டில் ஒரு சுடிதார் எடுத்தால்கூட பில் போடும்போது நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சொல்லிவிட்டது, தைரியமாக மறுக்கலாம்.

முதலில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். அப்புறம் ஆதார் தளத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சரிபார்த்தது என்ற வரலாறு கிடைக்கும், கடைசி ஆறு மாதத்துக்கு. நீங்கள் போகாத இடத்தின் பெயர் அதில் இருந்தால் விசாரியுங்கள். உங்கள் கைரேகையை வைத்து யாரும் ஆதாரைச் சரிபார்க்க முடியாதபடி கைரேகைப் பூட்டையும் அங்கேயே போட்டுவிடலாம். லோன் விஷயத்துக்கு, சிபில் உட்பட, நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் நாலு கிரெடிட் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருந்தாலும், வாங்கப் பார்த்திருந்தாலும் அதில் தெரியும்.

கொருக்குப்பேட்டை_அக்கா:
நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்மா, இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, பிரிண்ட் வந்ததும் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஃபைல் கடை கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். நீங்கள் போனில் "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்தாலும் சாட்டில்தான் போகும், இறக்கி வைத்த பிரதி போகாது. நாங்கள் ராத்திரி கடை மூடும்போது அழித்துவிடுகிறோம், எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் கடைக்காரர் முன்னாலேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைத் தளத்திலேயே எடுக்கலாம், பெரும்பாலான இடத்துக்கு அது போதும். ஜெராக்ஸ் காகிதத்தில் எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மின்ட்_ஸ்டாப்பிங்:
அப்பா பெயரும் வயதும் கிடைப்பதில் ரகசியமே இல்லை. வாக்காளர் பட்டியலில் அப்பா அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த விவரங்களை மட்டும் அதிலிருந்து நீக்கவும் முடியாது. ஃபேஸ்புக்கில் எதுவும் போடாததாலும் தப்பிக்க முடியாது, 2021-இல் 53 கோடிப் பேருக்கு மேல் ஃபேஸ்புக் கணக்கோடு சேர்ந்த போன் நம்பர்கள் வெளியே வந்தன. உங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ லோன் ஆப்புக்கு காண்டாக்ட் அனுமதி கொடுத்திருந்தால் அவர் போனில் இருந்த உங்கள் நம்பரும் போயிருக்கும். காண்டாக்ட் பட்டியலைத் தொடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொன்னது, ஆனால் அனுமதி இல்லாத ஆப்கள் அதை எங்கே மதிக்கின்றன? ஈமெயில் கசிந்திருக்கிறதா என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. கூகுளில் மை ஆக்டிவிட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள், தேடியது, யூடியூபில் பார்த்தது எல்லாம் தேதிவாரியாக வரும், அங்கேயே அழிக்கலாம்.

வியாசை_நிலா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சஞ்சார் சாத்தியில் பார்த்தேன், எனக்குத் தெரியாத நம்பர் ஒன்று என் பெயரில் இருக்கிறது. என்னுடையது இல்லை என்று உடனே கொடுத்துவிடவா?

ராயபுரம்_ரயிலடி:
கொடுக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கோ தம்பிக்கோ உங்கள் ஆதாரில் எப்போதாவது சிம் எடுத்திருக்கலாம். அது வங்கியில் இணைந்திருந்தால் துண்டித்த பிறகு ஓடிபி வராது. முதலில் வங்கி, கேஸ் எல்லாவற்றிலும் வேறு நம்பர் கொடுத்து மாற்றிவிட்டு, பிறகு "தேவையில்லை" என்று போடுங்கள், ஏனென்றால் துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். வீட்டில் யாருக்குமே தெரியாது என்றால் தயங்காமல் "என் நம்பர் இல்லை" என்று கொடுங்கள், கிடைக்கும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் மட்டும் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.