‘ஃபால்ஸ் ஸ்பிரிங்’ என்பதற்கு ‘வம்ப வேனில்’: ஒரு முன்மொழிவும் சில விடைகளும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரைப் பழத்தோட்டங்களின் வானிலை வரலாறு பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிவருவதாகவும், ‘ஃபால்ஸ் ஸ்பிரிங்’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதாகவும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காலத்துக்கு முன்பே வெப்பம் வந்து மரங்களைத் துளிர்க்கவும் பூக்கவும் வைத்துவிட, பிறகு உறைபனி இறங்கி அவற்றைக் கெடுப்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். பதில் மடல்களில் நான்கு சொற்கள் வந்தன: போலி வசந்தம், பொய் இளவேனில், அகால வேனில், பருவம் தவறிய வேனில். நான்கையும் என் கட்டுரை வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக ‘வம்ப வேனில்’ என்ற சொல்லை முன்வைக்கத் துணிகிறேன். சிலர் சிரிப்பார்கள் என்று தெரியும்; அந்தச் சிரிப்புக்கும் கீழே விடை வைத்திருக்கிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். 2012 மார்ச் மாதத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியின் மேல் ஓர் உயரழுத்த முகடு நகராமல் நின்றுகொண்டது. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு வெகு வடக்கே வளைந்தது. மெக்சிகோ வளைகுடாவின் வெப்பக் காற்று தடையின்றிப் பேரேரிகள் வரை ஏறிவந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தின் வடமுனையில், குளிருக்குப் பெயர்போன பெல்ஸ்டன் என்ற சிற்றூரில், மார்ச் 22 அன்று வெப்பநிலை 29.4 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த நாளுக்கு அதுவரை இருந்த உச்சம் 2007-இல் பதிவான 11.7 டிகிரிதான். சாதனைகள் வழக்கமாக அரை டிகிரி, ஒரு டிகிரி என்ற கணக்கில்தான் முறியும். இங்கே ஒரே தாவலில் ஏறத்தாழ 18 டிகிரி. அமெரிக்கா முழுவதும் அந்த மாதத்தில் 15,000-க்கு மேற்பட்ட வெப்பச் சாதனைகள் முறிந்தன. அவற்றுள் 21 நேர்வுகளில், இரவில் பதிவான வெப்பநிலையே அந்தத் தேதிக்குரிய பழைய பகல் உச்சத்தை எட்டியது அல்லது தாண்டியது. 1895-இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்த நாட்டின் பெருநிலப்பகுதி அதுவரை கண்ட மிக வெப்பமான மார்ச் அதுவே.

மரங்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை. குளிர்கால உறக்கம் கலைவதற்கு மரத்துக்கு இத்தனை மணிநேரக் குளிர் வேண்டும் என்ற கணக்கு நிறைந்துவிட்டால், அதன்பின் வெப்பம் சேரச் சேர மொட்டு விரிந்துகொண்டே போகும். செர்ரி மரங்கள் ஏறத்தாழ ஒரு மாதம் முந்திக்கொண்டன. நடுக்குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு, சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரையும் தாங்கிக்கொள்ளும். விரிந்த மலரோ சுழியத்துக்குக் கீழே 2.2 டிகிரியில் பத்தில் ஒரு பங்கையும், 3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கையும் இழந்துவிடும். இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. ஏப்ரலில் வழக்கமான உறைபனி இரவுகள் வழக்கம்போல வந்தன. அந்த மாதக் கடைசியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மரம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. தோட்டக்காரர் ஒரு மொட்டைக் கிள்ளி, கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து, பிளேடால் குறுக்கே அறுத்துக் காட்டினார். பச்சையாக இருக்க வேண்டிய சூலகம், எரிந்த தீக்குச்சி முனையைப் போலக் கறுத்திருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று பத்து மொட்டுகளை அறுத்ததில் ஒன்றே ஒன்று பச்சை. மிச்சிகனின் புளிப்புச் செர்ரி விளைச்சல் 2011-இல் ஏறத்தாழ 15 கோடியே 75 இலட்சம் பவுண்டு. 2012-இல் அது 1 கோடியே 16 இலட்சம் பவுண்டு அளவுக்கு இறங்கியது.

இதில் வட்டார வரலாறு எங்கே வருகிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அந்தத் தோட்டங்கள் ஏரிக்கரையில் அமைந்ததற்குக் காரணமே வானிலைதான். மேற்கிலிருந்து வரும் காற்று, குளிர்காலக் குளிரை இன்னும் விடாத மிச்சிகன் ஏரியைக் கடந்து வருவதால், கரையோரத்தில் வேனில் தாமதமாகத் தொடங்கும். உறைபனி ஆபத்து பெரும்பாலும் நீங்கிய பிறகே மொட்டு விரியும். ஏரி அங்கே மரங்களுக்குக் காவல்காரன். 2012-இல் வெப்பம் மேற்கிலிருந்து ஏரியைக் கடந்து வரவில்லை. தெற்கிலிருந்து நிலத்தின் மேலாகவே வந்தது. காவல் நின்ற வாசல் ஒன்று, விருந்தாளி நுழைந்த வாசல் வேறு. 1945-லும் இதே வரிசைதான்: வெப்பமான மார்ச், பிறகு உறைபனி, பிறகு வெறும் மரங்கள். 2002-இல் வெப்பம் ஏப்ரலில் வந்தது, முடிவில் மாற்றமில்லை. இப்படித் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. பெயர் வேண்டும்.

இப்போது வந்த சொற்களுக்கு வருகிறேன். ‘பொய் இளவேனில்’ என்பது ஆங்கிலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அதுவே அதன் சிக்கல். தமிழில் மழை பொய்த்தது, பருவம் பொய்த்தது என்றால் வராமல் போயிற்று என்றே பொருள். ‘2012-இல் இளவேனில் பொய்த்தது’ என்று எழுதினால், அந்த ஆண்டு இளவேனிலே வரவில்லை என்றுதான் எவரும் படிப்பார்கள். நடந்ததோ அதற்கு நேர்மாறு: அழைக்காமலே வந்தது, அளவுக்கு மேலும் வந்தது. பெயராக நிற்கும்போது தப்பித்துக்கொள்ளும் இச்சொல், வினையாக்கிய கணமே தலைகீழாகிவிடுகிறது.

‘போலி’ என்ற அடைமொழிக்கும் ஏறத்தாழ இதே மறுப்புத்தான். போலி மருத்துவர் மருத்துவரே அல்லர். ஆனால் பெல்ஸ்டனில் அடித்த வெப்பம் அசல் வெப்பம்; அது அசலாக இருந்ததால்தான் மொட்டு விரிந்தது. பிழை பொருளில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ‘வசந்தம்’ பற்றி யாழ்ப்பாணத்து அம்மையார் தனிமடலில் எழுதிய எச்சரிக்கையையும், அவருடைய இசைவோடு, இங்கே சேர்க்கிறேன். போருக்குப் பின் ‘வடக்கின் வசந்தம்’ என்ற பெயரில் அரசின் வேலைத்திட்டம் நடந்த மண்ணில், ‘போலி வசந்தம்’ என்று தலைப்பிட்டால் அதை வானிலைக் கட்டுரை என்று நினைத்து யாரும் திறக்கமாட்டார்கள் என்கிறார். பிராக் வசந்தம், அரபு வசந்தம் என்று செய்தித்தாள்களும் அச்சொல்லை அரசியலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. ‘அகாலம்’ நம் வழக்கில் மரணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல், அதை விட்டுவிடலாம்.

‘பருவம் தவறிய வேனில்’ வலுவான போட்டியாளர். பருவம் தவறிய மழை என்று நாளேடுகள் நாள்தோறும் எழுதுகின்றன. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதில் எனக்குள்ள குறை நீளம் மட்டுமே. ‘பருவம் தவறிய வேனில் ஆண்டுகளின் பட்டியல்’, ‘பருவம் தவறிய வேனில் சுட்டெண்’ என்று தொடர்களை அடுக்கிப் பாருங்கள், தவறியது எது என்று வாசகர் தேட வேண்டியிருக்கும். ஆகவே அதை முதல் முறை வரும்போது விளக்கமாகவும், பிறகு குறுஞ்சொல்லைக் கலைச்சொல்லாகவும் ஆளலாம் என்பது என் எண்ணம்.

அந்தக் குறுஞ்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில், தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் வந்து கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு தலைவி கலங்குகிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள்: இந்தக் கொன்றைகள் அறிவில்லாதவை, ‘வம்ப மாரியைக் காரென மதித்து’ப் பூத்துவிட்டன என்கிறாள். காலமல்லாத காலத்து மழையைப் பருவமழை என்று எண்ணி மரம் ஏமாந்து பூத்தது என்ற கருத்து, முழுதாக, ஒரே வரியில் இருக்கிறது. மழைக்குப் பதில் வெப்பத்தை வைத்தால் அது மிச்சிகன் செர்ரி. வம்பு என்பதற்குப் புதுமை, நிலையின்மை என்ற பொருள்கள் உண்டு. சங்க இலக்கியத்தில் வம்பலர் என்றால் ஊருக்குப் புதியவர், வழிப்போக்கர். வந்து தங்காமல் போகிற வெப்பத்துக்கு இதைவிடப் பொருந்திய அடைமொழி எனக்குத் தெரியவில்லை.

மதுரைப் பேராசிரியர் ஐயா இதற்கு முன்கூட்டியே ஒரு தடை எழுப்பியிருக்கிறார். அப்பாட்டின் துறைப்படி, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பின்படி, கார்காலம் உண்மையில் வந்துவிட்டது. தலைவியை ஆற்றுவிப்பதற்காகத் தோழிதான் ‘பருவம் அன்று’ என்கிறாள். ஆகவே அங்கே பெய்தது வம்ப மாரி அல்ல, மெய்யான கார் என்கிறார். பாட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் தோழியின் பேச்சு எடுபட வேண்டுமானால், வம்ப மாரி என்ற ஒன்று உண்டென்பதும் அதை நம்பி மரங்கள் பூப்பதுண்டு என்பதும் கேட்பவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சொல்லின் பொருள் அதனால் கெடவில்லை. அதோடு, பெய்வது காரா வம்பா என்று முற்றத்தில் நின்று பார்ப்பவருக்கு உடனே தெரியாது என்ற செய்தியும் அதே பாட்டில் கிடைக்கிறது. இது கலைச்சொல்லின் வரையறைக்கே தேவைப்படுகிறது.

ஏனென்றால் முந்திவந்த வேனில் எல்லாம் வம்ப வேனில் அல்ல. இலை முந்தித் துளிர்த்து, பின்னர் உறைபனி வராமலேயே போய்விட்டால் அது ‘முந்திய இளவேனில்’, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் கையாளும் சுட்டெண், இலை அல்லது பூ வெளிப்பட்ட நாளுக்கும் அந்தப் பருவத்தின் கடைசிக் கடும் உறைபனி நாளுக்கும் இடையிலுள்ள நாட்களை எண்ணுகிறது. சுழியத்துக்குக் கீழே 2.2 டிகிரியைக் கடும் உறைபனிக்கு எல்லையாகக் கொண்டு, அத்தகைய உறைபனி துளிர்த்த நாளுக்கு ஏழு நாட்களுக்கும் மேலாகப் பிந்தி வந்தால் சேத ஆண்டாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே மார்ச் மாதத்தில் நின்றுகொண்டு ‘இது வம்ப வேனில்’ என்று எவராலும் அறுதியிட முடியாது. மே மாதத்தில் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டுரையாளர்கள் நிகழ்காலத்தில் எழுதும்போது ‘வம்ப வேனிலாக முடியக்கூடும்’ என்று எழுத வேண்டும் என்பதையும் வரையறைக் குறிப்பில் சேர்த்துவிடலாம்.

வேறொரு நண்பர், ‘இள’ என்பதை ஏன் விட்டீர்கள், வேனில் என்றால் கோடை ஆகிவிடாதா என்கிறார். ஆகட்டும். 29 டிகிரி என்பது பெல்ஸ்டனுக்கு இளவேனில் அன்று, ஜூலை மாதத்து நண்பகல். ஆங்கிலப் பெயரே அந்த இடத்தில் அடக்கி வாசிக்கிறது. மேலும், ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கும் நம் பெரும்பொழுதுக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மிதவெப்ப நாடுகளின் இலைதுளிர் காலத்தோடு அது நாளுக்கு நாள் பொருந்துவதில்லை. அடையில்லாத வேனில், வெப்பத்தை மட்டும் குறித்து அந்தச் சிக்கலிலிருந்து விலகி நிற்கிறது.

இனி, சிரிப்பு. வம்பு என்றதும் தெருச்சண்டையும் திண்ணைப் பேச்சும்தான் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஆனால் பேச்சுவழக்கில் அது வம்புச் சண்டை, வம்பு வழக்கு என்று உகரத்தோடு வருகிறது. ‘வம்ப’ என்ற அடை வடிவம் இன்று வேறெங்கும் புழங்காததால் கலைச்சொல்லுக்குக் காலியாகக் கிடக்கிறது. அப்படியே ஒருவர், மரங்களை வம்பில் மாட்டிவிடும் வேனில் என்று புரிந்துகொண்டாலும், பொருள் எங்கே கெட்டது?

பின்னால் வரும் குளிருக்கும் ஒரு பெயர் வேண்டும். உலகெங்கும் உழவர்கள் பெயர் வைத்திருப்பது இந்தக் குளிருக்குத்தான். கொரிய மொழியில் அதற்குப் பூவைக் கண்டு பொறாமைப்படும் குளிர் என்று பெயர். செருமானியர் மே 11 முதல் 15 வரையான நாட்களைப் பனிப் புனிதர்கள் என்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில் பிளாக்பெர்ரி என்ற நாவற்பழ நிறத்துக் காட்டுப்பழச் செடி பூக்கும் நேரத்தில் வரும் குளிரை அந்தச் செடியின் பெயராலேயே அழைக்கிறார்கள். வெப்பத்தைக் குற்றவாளியாக்குவது ‘ஃபால்ஸ் ஸ்பிரிங்’ என்ற பெயர்தான். 2021 ஏப்ரலில் பிரான்சில், மார்ச் கடைசி நாட்களின் சாதனை வெப்பத்துக்கு ஒரு வாரத்துக்குள் உறைபனி இறங்கியபோது, திராட்சைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக மெழுகுத் தீக்கலங்களை ஏற்றிவைத்து இரவெல்லாம் காத்தார்கள்; அங்கும் செய்திகளில் முதலில் வந்த சொல் உறைபனிதான்.

இதற்கு ஒருவர் ‘பின்பனி’ என்று எழுதியிருந்தார். கேட்க இனிமை; ஆனால் அது மாசி, பங்குனிக்கு உரிய பெரும்பொழுதின் பெயர், அதன் பனியும் உறைபனி அல்ல. நான் ‘பிந்திய உறைபனி’ என்று வெறுமனே எழுதிவருகிறேன். தேதியை வைத்து அளக்கப்படும் ஒன்றுக்கு அது போதும். கட்டுரையில் இப்போது உள்ள வாக்கியம் இது: “1945, 2012 ஆகிய வம்ப வேனில் ஆண்டுகளில், பிந்திய உறைபனி இறங்கியபோது செர்ரி மொட்டுகள் தாங்கும் நிலையைக் கடந்திருந்தன.”

எஞ்சியிருப்பது அந்தக் கறுத்த சூலகம். கட்டுரையில் அதை உறைபனியில் கருகியது என்று எழுதியிருக்கிறேன்; ஆனால் அந்த மொட்டு வெளியே வாடவும் இல்லை, கருகவும் இல்லை, அறுத்தால்தான் தெரிந்தது. உதகை, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் மலைக்காய்கறித் தோட்டங்களிலும் உறைபனி அடித்த கொழுந்தைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். வெளியே பச்சையாகவும் உள்ளே செத்தும் இருக்கும் மொட்டுக்கோ குருத்துக்கோ அங்கே வாய்மொழியாக ஒரு சொல் வழங்குமானால், அதை எழுதுங்கள். அதன் பிறகே அந்தப் பத்தியை முடிப்பேன்.

அன்புடன்.