வழக்கு முடியும் முன் வெளிநாடு போய் வரலாமா?

காத்திருப்பவன்:
புகலிடக் கோரிக்கை கொடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. நேர்காணல் முடிந்துவிட்டது, பதில் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசம். அக்கா அவரைச் சிகிச்சைக்காக வேறொரு நாட்டுக்கு அழைத்து வருகிறார். அங்கே போய் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

நெடுவழி:
போய் வாருங்கள் தம்பி. பிறந்த நாட்டுக்கா போகிறீர்கள்? 1951 அகதிகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, அகதிகளுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாகப் பயண ஆவணம் கொடுக்கச் சொல்கிறது. கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் தூதரகத்தில் பழைய கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பெற்றவளைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது?

வாசற்படி:
நெடுவழி அண்ணா, கோபிக்காதீர்கள், இது ஆளைக் கிணற்றில் தள்ளும் யோசனை. 28ஆம் பிரிவு கட்டாயமாக்குவது, அந்த நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிகளுக்கு. தம்பியின் கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பிரிட்டனில் முடிவு வருமுன் அனுமதியின்றி வெளியேறினால், கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் ‘அட்வான்ஸ் பரோல்’ என்ற முன் அனுமதி வாங்காமல் போனால் கைவிட்டதாகக் கருதுவார்கள். போவது ஒரு வாரம்தான், திரும்பி வர வழி?

தூதரகப் பேச்சு அதைவிட மோசம். ‘அந்த அரசிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தவர், அதே அரசின் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தால் அதிகாரி என்ன நினைப்பார்?

நெடுவழி:
அதே 28ஆம் பிரிவு, நாட்டில் இருக்கும் மற்ற அகதிகளுக்கும் கொடுக்கலாம் என்கிறது. அதை ஏன் விழுங்கினீர்கள்? ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதிய அல்லது நோயுற்ற பெற்றோரைப் பார்க்கச் சொந்த நாட்டுக்கே போய் வருவதையும் அடிக்கடி விடுமுறைக்குப் போவதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்கிறது.

வாசற்படி:
‘கொடுக்கலாம்’ வேறு, ‘கொடுக்க வேண்டும்’ வேறு. நீங்கள் சொல்லும் கையேட்டுப் பகுதி, அகதியாக ஏற்கப்பட்டு, தங்கியிருக்கும் நாடு கொடுத்த பயண ஆவணத்தில் போகிறவர்களைப் பற்றியது. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர், மறுப்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், அந்த நாட்டின் பாதுகாப்பையே நாடுகிறார் என்று கொள்ளலாம் என்பதும் அதே கையேட்டில்தான் இருக்கிறது. அதை விழுங்கியது நீங்கள்.

ஏற்கப்பட்டவர்களுக்கே நிலைமை இறுக்கம். கனடாவில் 2012 டிசம்பர் முதல், சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாக முடிவானால் அகதி நிலையோடு நிரந்தர வதிவிட உரிமையும் போய்விடும்.

நெடுவழி:
அதே கனடாவில் 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிச் செய்தால் அகதி நிலை போகலாம் என்பது அந்த அகதிக்கு உண்மையில் தெரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னதே?

வாசற்படி:
சொன்னது. இப்போது தம்பிக்குத்தான் தெரிந்துவிட்டதே, நாமே சொல்லிவிட்டோம்!

மூன்றாம்மாடி:
இருவரும் சட்டம் பேசுகிறீர்கள், நான் விமான நிலையம் பேசுகிறேன். எனக்கு அகதி நிலை இருக்கிறது, பயண ஆவணமும் இருக்கிறது. சென்ற ஆண்டு விமான நிறுவன மேசையில் இருந்த பெண் அதை முன்னும் பின்னுமாகப் புரட்டினார், நாட்டுப் பெயர் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தேடினார், மேலாளரை அழைத்தார். நடுவழியில் நான்கு மணி நேரம் மட்டுமே நிற்கும் நாட்டுக்கு எனக்கு விசா வேண்டுமாம். நான் தங்கியிருக்கும் நாட்டின் குடிமக்களுக்கு வேண்டாம் என்பதால் எனக்கும் வேண்டாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஆவணம் உள்ளவன் கதையே இது.

காத்திருப்பவன்:
நன்றி. வழக்கறிஞரிடம் கேட்டேன். பயணப் பேச்சே வேண்டாம் என்றார். அம்மாவின் மருத்துவ அறிக்கையை மொழிபெயர்ப்போடு இணைத்து, வழக்கை விரைவாக எடுக்கும்படி மனு கொடுக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அறிக்கையை அனுப்பும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

நெடுவழி:
மருத்துவமனை முத்திரையும் தேதியும் தெளிவாகத் தெரியட்டும் தம்பி. மங்கலான நகலென்றால் திருப்பி அனுப்புவார்கள். மற்றபடி, ‘கொடுக்கலாம்’ என்ற சொல்லை நான் இன்னும் விடவில்லை.