"டெல் மீ அபௌட் இட்!" என்றால் கோபமா?

நிவேதா: அத்தை, ஒரு சந்தேகம். நைட் டியூட்டி முடிந்து கிளம்பும்போது கால் வலி தாங்கவில்லை என்று கூட வேலை பார்க்கும் நர்ஸிடம் சொன்னேன். அவர் "டெல் மீ அபௌட் இட்!" என்று சொல்லிவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். என் மேல் கோபமா?

சுதா அத்தை: கோபமெல்லாம் இல்லை நிவி. "எனக்குத் தெரியாதா, என் காலும் அப்படித்தான் இருக்கிறது" என்கிறார். நீ எதையும் விவரிக்க வேண்டாம், சிரித்தாலே போதும். நிஜமாகக் கேட்கிறவர் என்றால் நின்று உன் முகத்தைப் பார்ப்பார்.

அப்பா: இதை நேராகச் சொன்னால் என்ன சுதா?

சுதா அத்தை: நாம் மட்டும் நேராகவா சொல்கிறோம் அண்ணா? இவளுக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் ஊரில் வேலை கிடைத்தது என்றதும் நீங்கள் "அட போம்மா!" என்றுதானே சொன்னீர்கள்? அந்த ஊர்ப்பக்கம் "கெட் அவே!", "கிவ் ஓவர்!" என்பதெல்லாம் அதே ரகம்தான், நம்ப முடியவில்லை என்று அர்த்தம். யாரும் துரத்தவில்லை.

நிவேதா: வார்டில் ஒரு தாத்தா எதற்கெடுத்தாலும் "ப்ளைமி!" என்கிறார். கெட்ட வார்த்தையா?

சுதா அத்தை: இல்லைம்மா, வெறும் ஆச்சரியம். "கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்" என்ற பழைய சத்தியம் தேய்ந்து அப்படி ஆனது. "காஷ்", "ஜீஸ்" எல்லாம் கூட கடவுள் பெயரையும் ஏசு பெயரையும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கி மாற்றிக்கொண்டவைதான். 1606இல் அங்கே நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டமே போட்டார்கள். பக்தியுள்ள வயதானவர்கள் முன்னால் "ஜீசஸ்!" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்புறம், "ரியலி" என்பதில் குரலைக் கவனி. கடைசியில் ஏறினால் மேலே சொல்லு, கேட்கிறேன் என்று அர்த்தம், அழுத்தமாக இறங்கினால் பெரும்பாலும் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் வயதானவர்கள் "மஸ்ன்ட் கிரம்பிள்!" என்பார்கள். குறை சொல்லக் கூடாது என்று சொல்கிறார்களே தவிர, வலி இல்லை என்று சொல்லவில்லை. அதை நம்பி நகர்ந்துவிடாதே கண்ணு. 0 முதல் 10 வரை எவ்வளவு வலி என்று கேட்டு எழுது.

நிவேதா: அத்தை, இடுப்பு ஆபரேஷன் ஆன பாட்டி ஒருவர் காலையில் இதையேதான் சொன்னார். இருங்கள், வார்டுக்கு போன் போட்டு டே ஷிஃப்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.