ஏரிப் பயிற்சிக்கு ஜப்பான் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

சேலத்துக்காரன்:
ஏரி, சதுப்புநிலப் பாதுகாப்புக்குத் தலைமைப் பயிற்சி என்று ஆணை வந்ததும், பெரிய பெரிய இயந்திரங்களைக் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போன ஊர் குசாட்சு, ஷிகா மாகாணம். 1986-இல் தொடங்கிய ஐலெக் என்கிற சர்வதேச ஏரிச் சூழல் அமைப்பு அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே பிவா ஏரி, சுமார் 670 சதுர கிலோமீட்டர். "உங்கள் ஏரி எவ்வளவு?" என்று கேட்டபோது சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் எங்கள் மூக்கனேரியை ஏக்கரில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலைய வகுப்புகள் எனக்கு ஒட்டவில்லை. அந்தச் செலவெல்லாம் நம்மால் நினைத்தும் பார்க்க முடியாது. மனதில் நின்றது சோப்புக் கதைதான். 1977-இல் பிவாவில் செம்பாசி படர்ந்தது. துணி துவைக்கும் தூளில் இருந்த பாஸ்பரஸுக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரிந்ததும், வீட்டுப் பெண்கள் அந்தத் தூளை விட்டுவிட்டுப் பழையபடி சோப்புக்கு மாறினார்கள். மீந்த சமையல் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்து அதிலும் சோப்பு செய்தார்கள். மாகாண அரசு பாஸ்பரஸ் தூளைத் தடைசெய்யச் சட்டம் நிறைவேற்றியது 1979-இல். அதாவது வீடுகள் மாறத் தொடங்கிய பிறகு.

என்னோடு படித்தவர்களில் ஒருவர் கென்யாவின் கிசுமுக்காரர். விக்டோரியா ஏரியின் படம் என்று போனில் காட்டினார், அப்படியே நம்ம ஊர் ஆகாயத் தாமரை!

கடைசி வாரத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். சொந்த ஊர் ஏரிக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வடிகிறதோ அந்த நிலம் முழுவதையும் வரைந்து, அங்கே யார் யார் பிழைக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். சேர்வராயன் சரிவிலிருந்து புது ஏரி வழியாகக் கன்னங்குறிச்சி வரை வரைந்தேன். ஊர் திரும்பி அந்தப் படத்தோடு ஒரு கூட்டம் போட்டோம். ஏரி நிறைந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று நான் பேசிக்கொண்டிருக்க, மீன் குத்தகைக்காரர் எழுந்தார். "ஏரி கோடி போச்சுன்னா உங்களுக்குக் கொண்டாட்டங்க. என் மீனெல்லாம் தண்ணியோட போயிருமே, அதை யாரு தருவா?" அவரை நான் படத்தில் குறித்தே இருந்தேன், ஆனாலும் பதில் இல்லை. கடைசியில் கோடியில், அதாவது ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் இடத்தில், வலை கட்டும் செலவைப் பங்கு போடுவது என்று முடிவானது.

கன்னங்குறிச்சி வாசி:
நல்லதுங்க அண்ணா. ஆனா 2010-இல் மூக்கனேரியைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் வைத்தது நம்ம ஊர்ச் சேலம் மக்கள் குழுதான். அவங்க யாரும் குசாட்சு போகலை.

சேலத்துக்காரன்:
சரிதான் தம்பி, மறுக்கவே இல்லை. அந்தத் திட்டுகளின் படத்தை வகுப்பில் காட்டியபோது கேள்வி கேட்டது ஜப்பான்காரர்கள்தான்.

ஏற்காடு டீச்சர்:
பிவாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கப்பலில் ஏற்றி ஏரியில் தங்கவைத்துப் பாடம் நடத்துகிறார்களாமே, உண்மையா சார்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஏற்காடு ஏரியில் படகே ஏறியதில்லை. டிக்கெட் டூரிஸ்டுக்குத்தான் கட்டுப்படியாகிறது.

சேலத்துக்காரன்:
உண்மைதாங்க டீச்சர், 1983-இலிருந்து நடக்கிறது. படகுத் துறையில் ஒரு வார நாள் காலையைப் பள்ளிக்காக ஒதுக்கச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: நான் போனது ஜைக்கா என்கிற ஜப்பான் அரசின் சர்வதேச ஒத்துழைப்பு முகமை வழியாக. பெயரை நம் துறைதான் அனுப்ப வேண்டும், அதனால் முதலில் உங்கள் மேலதிகாரியைப் பிடியுங்கள்.