மகளைச் சாரணியர் படையில் சேர்க்கலாமா? குமரிக்காரர்கள் சொன்ன அனுபவங்கள்

நாகர்கோவில், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா:

பள்ளியில் சாரணியர் படைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று மகள் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சனிக்கிழமை காலை பயிற்சி, வருடத்துக்கு ஓரிரு முறை வெளியே முகாம். முகாம் என்றதும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "ராத்திரி கூடாரத்திலா? அதுவும் ஐப்பசி மழையிலா?" என்பது என் மாமியார் கட்சி. "சான்றிதழ் கிடைத்தால் பின்னால் உதவும்" என்பது அவள் அப்பா கட்சி. நான் இன்னும் எதிலும் சேரவில்லை. போய் வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

தக்கலை, பழைய சாரணர்:

அக்கா, நடந்ததை நடந்தபடி சொன்னால் என் மானம்தான் போகும். பரவாயில்லை, முப்பது வருடம் ஆகிவிட்டது.

1993இல் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சேர்ந்தேன். தொண்டு செய்யும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது. கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபும் அதைப் பிடித்து நிறுத்தும் வாகிளும்தான் என்னை இழுத்தன. அதைக் கட்டியவன் காலைக் கூட்டத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பான். எங்களைப் போல வெயிலில் வரிசையில் நெளிய மாட்டான். சேர்ந்த அன்றே ஸ்கார்ஃப் கையில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. உறுதிமொழி, சட்டம், 'தயா கர் தான்' பிரார்த்தனை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, வெறும் கழுத்தோடு சில மாதம் அலைந்த பிறகுதான் உறுதிமொழி ஏற்பு விழா. மூன்று விரலை உயர்த்தி உறுதி சொன்னதும் சார் இடது கையை நீட்டினார். இடது கையால் ஒரு பொருளைக் கொடுத்தாலே பாட்டியிடம் அடி வாங்கும் வீடு எங்களுடையது. நான் தயங்கி வலது கையை நீட்ட, பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாரணர்கள் குலுக்குவது இடது கையைத்தான். படித்திருந்தேன், அந்த நேரத்தில் மறந்து போனது.

எட்டுப் பேர் ஓர் அணி. எங்களுடையது கழுகு அணி. அணித்தலைவன் பத்தாம் வகுப்பு அண்ணன். சாரிடம் இருந்ததைவிட அவனிடம்தான் எங்களுக்குப் பயம் அதிகம்.

முதல் முகாம், பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில். உங்கள் மாமியார் சொல்லும் அதே ஐப்பசி மழை. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறு ஒரு பக்கம் எட்டவில்லை. இரண்டு துண்டைச் சேர்த்து முடிய வேண்டியிருந்தது. 'எனக்கு ரீஃப் நாட் தெரியும்' என்று முந்திக்கொண்டவன் நான். வலதை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. அவ்வளவுதான் ரீஃப் நாட். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் பாரம் ஏறினால் வழுக்கும். அதற்குப் பெயர் பாட்டி முடிச்சு.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மழை வலுத்தது, கான்வாஸ் தண்ணீரைக் குடித்துக் கனத்தது, கயிறு வழுக்கியது. எட்டுப் பேர் மேலும் கூடாரம் படுத்துவிட்டது. நனைந்த கான்வாஸ் முகத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். சார் டார்ச்சோடு வந்தார். எங்களை வெளியே இழுத்துவிட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தேடி எடுத்தார். "மக்களே, இது பாட்டி முடிச்சு. பாட்டி எவ்வளவு நேரம்தான் உறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பாள்?" திட்டு அவ்வளவுதான். மிச்ச ராத்திரி ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் கழிந்தது. ரப்பர் பாலின் புளித்த வாடை மூக்கில் ஏற, டார்ச் வெளிச்சத்தில் ஐம்பது முறை அந்த முடிச்சைப் போட்டேன். விடிந்ததும் காலில் இருந்த அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்துவிட்டு, அவித்த மரச்சீனிக் கிழங்கைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியில் தொட்டுத் தின்றோம். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் மரச்சீனி தின்றிருக்கிறேன், அந்த ருசி இல்லை. பசிதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள்.

இன்னொரு தடவை, கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குக் கூட்டிப் போனார்கள். வேடிக்கை பார்க்க அல்ல, உயரம் அளக்க. தூணின் அடியிலிருந்து பதினொரு கம்பு நீளம் நடந்து அங்கே ஒரு கம்பை நட வேண்டும். பன்னிரண்டாவது கம்பு நீளத்தில் ஒருவன் கன்னம் தரையில் படப் படுத்து, பாலத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும். அவன் பார்வை நட்ட கம்பை எத்தனையாவது அங்குலத்தில் தொடுகிறதோ, உயரம் அத்தனை அடி. தென்னைக்கும் தேக்குக்கும் இது ஒத்துவந்தது. பாலத்துக்கு வரவில்லை, எங்கள் கம்பே ஐந்தரை அடிதானே, அறுபத்தாறு அங்குலம்! பார்வை கம்பைத் தாண்டி எங்கோ மேலே போனது. அரை மணி நேரம் திண்டாடிய பிறகு அணித்தலைவனுக்குப் புத்தி வேலை செய்தது. ஒரு கம்பின் தலையோடு இன்னொன்றை ஓரடி ஒட்டவைத்துக் கயிற்றால் இறுக்கிச் சுற்றினோம். 109 என்று வந்தது. சார் சொன்ன கணக்கு 115 அடி. பறளியாற்றை நோக்கித் தரை சரிந்து கிடப்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1966இல் கட்டி முடித்த பாலம். அதன் மேல் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அது எவ்வளவு உயரம் என்று உறைத்தது, அடியில் சேற்றில் கன்னம் வைத்துப் படுத்திருந்தபோதுதான்.

மருந்துவாழ் மலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தடம் பிடித்து வரும் பயிற்சி. முன்னால் போகும் அணி கூழாங்கல்லால் அம்புக்குறி, பெருக்கல் குறி எல்லாம் வைத்துப் போகும். பின்னால் வருபவர்கள் அதைப் படித்து உச்சிக்கு வர வேண்டும். வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் 'நான் வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று பொருள். கென்யாவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் இருக்கிறது. புலி அணியில் ஒரு குறும்பன் பாதி மலையிலேயே அதை வைத்துவிட்டான். நாங்கள் விதிப்படி நடக்கும் பிள்ளைகள் அல்லவா, இறங்கி, பஸ் பிடித்து, தக்கலைக்கே வந்துவிட்டோம். உச்சியில் சார் மதியம் வரை காத்திருந்திருக்கிறார். திங்கட்கிழமை வகுப்பில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நான் வீட்டுக்கா மக்களே போயிருந்தேன்?"

குளச்சல் பக்கம், முன்னாள் சாரணியர்:

அண்ணன் பையன்கள் கதையைச் சொல்லிவிட்டார். பெண்பிள்ளையை அனுப்பும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரு முகாமில் இருநூறு பெண்களுக்கு நான்கு கழிப்பறைகள், அதில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. யார் நடத்தியது என்று சொல்லப் போவதில்லை. நாங்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம், இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ராத்திரி தங்குவது எங்கே, கூட எத்தனை ஆசிரியைகள், கழிப்பறை எத்தனை, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை. கேட்டால் கோபப்படுகிறவர்களோடு அனுப்பாதீர்கள். முறையாக நடத்துகிறவர்கள் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

மற்றபடி எனக்குக் குறையில்லை. சாரணியர் அணிகளுக்குப் பூப்பெயர் வைப்பது வழக்கம். ரோஜா, தாமரை என்று பட்டியல் வந்தது. "தோவாளைப் பிச்சி இருக்கும்போது ரோஜா எதற்கு?" என்று சண்டை பிடித்துப் பிச்சி அணி ஆனோம்.

கயிற்று நுனியில் இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சைக் கற்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முயல் பொந்திலிருந்து வெளியே வரும், மரத்தைச் சுற்றும், மறுபடி பொந்துக்குள் போகும் என்று கதை சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். என் முயல் எப்போதும் மரத்தைத் தப்பான பக்கம் சுற்றும். கடற்கரையில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை காயப் போட்டுக்கொண்டிருந்த அப்பா கயிற்றை வாங்கினார். இடது கையில் பீடி. வலது கை மட்டும் ஒரு தடவை புரண்டது. முடிச்சு விழுந்துவிட்டது. நான் முயல் கதையைச் சொன்னேன். "இதற்கு முயல் எதற்கு பிள்ளே?" என்றார். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் அதுவரை மெதுவாகச் சொல்வேன். அடுத்த சனிக்கிழமை அந்த ஒற்றைக் கை முடிச்சைப் படை முன்னால் நான்தான் போட்டுக் காட்டினேன்.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்:

சான்றிதழ் கட்சிக்கு மட்டும் என் பதில். பிள்ளை ஏற வேண்டிய நிலைகள் இவை: முதலில் பிரவேஷ், பிறகு பிரதம, துவிதீய, திருதீய சோபான்கள், அதற்கு மேல் ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேல் குடியரசுத் தலைவர் விருது. சோபானம் என்றால் படி என்பதை, கோவிலில் சோபானப் பாட்டுக் கேட்ட நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படிக்கும் கால அளவு உண்டு, தேர்வு உண்டு. ஒரே வருடத்தில் தாவ முடியாது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருப்பதும் உண்மைதான். ஆனால் அதற்காகவே பிள்ளையைச் சேர்த்துவிட்டு, "டியூஷன் இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை விட்டுவிடுங்கள்" என்று மாதம் மூன்று சீட்டு அனுப்பும் பெற்றோரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் கடைசி மாதத்தில் அடுத்தவனின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவார்கள். கையெழுத்துப் போட மறுத்ததற்காக என்னோடு இன்னும் பேசாத அப்பாக்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

நாகர்கோவில் அம்மா மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு கேள்விகளையும் போய்க் கேட்டேன். சாரணியர் ஆசிரியை கோபப்படவில்லை. தங்கும் இடத்தின் படத்தையே காட்டினார். சேர்த்துவிட்டோம். முகாம் தை மாதம் என்று தெரிந்ததும் மாமியாரும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

நேற்று மொட்டை மாடியில் துணிக்கொடி அறுந்து போனதை மகள்தான் சேர்த்துக் கட்டினாள். "ரீஃப் நாட், அம்மா, அவிழவே அவிழாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஈரப் போர்வையைப் போட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் போர்வை, சீருடை எல்லாம் தரையில். கயிற்று நுனியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டிருக்கிறாள்.