எப்போது விழும் என்றே தெரியாத கெர்னல்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

பெங்களூரில் எம்பெடெட் (மெஷினுக்குள்ளேயே பொதிந்த கம்ப்யூட்டர்) வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்தத் தலைவலி பழக்கமாகியிருக்கும். போர்டு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். திடீரென்று கெர்னல் பேனிக் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் மீள முடியாத பிழையில் நின்றுவிடுவது), ரீசெட். சரி, மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் வரவே வராது. பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் எனக்குக் கிடைத்ததை எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

எங்கள் கன்ட்ரோலரில் 64 பிட் ஆர்ம் சிப், அதில் ஆர்டி (ரியல் டைம், அதாவது வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வைக்கும்) பேட்ச் போட்ட லினக்ஸ். மோட்டாரைக் கவனிக்கத் தனியாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர். இரண்டும் எஸ்பிஐ என்ற, சிப்புகளை இணைக்கும் சீரியல் இணைப்பு வழியாகப் பேசிக்கொள்ளும். அந்த இணைப்பை இயக்கும் டிரைவர் போர்டு சப்ளையர் கொடுத்தது.

முதலில் தடயமே கிடைக்கவில்லை. மெஷின் பாதுகாப்புக்காக வாட்ச்டாக்கை (சிஸ்டம் பதில் சொல்லாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) மிகக் குறுகிய நேரத்துக்கு வைத்திருந்தோம். சீரியல் போர்ட்டில் 115200 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் போகும். விழுந்த கதையைக் கெர்னல் சொல்லி முடிப்பதற்குள் வாட்ச்டாக் போர்டை ரீசெட் செய்துவிடும். அதனால் ராமூப்ஸ் போட்டோம். ராமில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தால் கடைசி லாக் அங்கே எழுதப்படும், ரீபூட் ஆனதும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரன்ட் போனால் அதுவும் போய்விடும். மெஷின் நின்றதும் மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவதுதான் அங்கே வழக்கம். ஆபரேட்டர் தர்மபுரிக்காரர், பல வருடமாகப் பீன்யாவில் இருப்பவர்.

“அண்ணா, நின்னா உடனே ஆஃப் பண்ணாதீங்க. அதுவா எழுந்து வரட்டும்.”

“சரி சார். ஆனா ஒண்ணு, ஷிஃப்ட் முடியற நேரத்துலதான் இது ஜாஸ்தி. ரிப்போர்ட் எடுப்போம்ல, அதுக்கப்புறம்.”

ஆபீஸில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராமூப்ஸ் லாக்குகள் வர ஆரம்பித்ததும் எல்லோருடைய கண்ணும் பேக்ட்ரேஸில்தான் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து விழுந்தது என்ற பட்டியல்). ஒன்று நெட்வொர்க் கோடில் விழுந்திருந்தது, இன்னொன்று ஃபைல் சிஸ்டத்தில், மற்றொன்று டைமரில். ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துக்கொண்டு தனித்தனியாகத் துருவினார்கள். இப்படிச் செய்வது வீண் என்பது என் உறுதியான கருத்து. விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால், விழுந்தவன் குற்றவாளி இல்லை. வேறு யாரோ மெமரியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இல்லை ஹார்டுவேரே சரியில்லை. ஹார்டுவேரை முதலில் ஒதுக்கினோம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டரை விடிய விடிய ஓட்டினோம், போர்டை மாற்றினோம், சூட்டில் வைத்தும் பார்த்தோம். எந்தப் போர்டைப் போட்டாலும் அதே கதை.

அடுத்து, மெமரியைத் தப்பாகத் தொடுவதைப் பிடிக்கும் கேசானைக் கெர்னலில் போட்டோம். கிராஷ் நின்றுவிட்டது. டிரைவரில் நாலு பிரின்ட்கே (லாக்கில் எழுதும் வரி) சேர்த்தாலும் நின்றுவிடும். “பிரின்ட்கேயோடவே அனுப்பிடலாமே” என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறு வராமல் இருப்பதும் சரியாகிவிட்டதும் ஒன்றல்ல. டைமிங் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்று வேலை செய்கிறார். காரணம் தெரியாமல் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ஆபரேட்டர் சொன்னதைக் கையில் எடுத்தேன். ரிப்போர்ட் கேட்கும் கட்டளையை லூப்பில் போட்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். எப்போதாவது வந்த கிராஷ் டீ குடித்து வருவதற்குள் வர ஆரம்பித்தது! கேசான் அளவுக்கு வேகத்தைக் குறைக்காத ஸ்லப் டீபக்கைப் பூட் பாராமீட்டரில் கொடுத்தோம். அது ஒவ்வொரு மெமரித் துண்டின் ஓரத்திலும் ஒரு காவல் பட்டையை வைக்கும், யார் அந்தத் துண்டை வாங்கினார்கள் என்றும் குறித்துக்கொள்ளும். காவல் பட்டை அழிந்திருக்கிறது என்று லாக் வந்தது. துண்டை வாங்கியது எஸ்பிஐ டிரைவர்.

நடந்தது இதுதான். டிரைவரின் ஸ்ட்ரக்சருக்குள்ளேயே டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் ஹார்டுவேரே ராமில் எழுதுவது) வாங்கும் பஃபர் இருந்தது. அதை ஒட்டி ஒரு கவுன்டர். இரண்டும் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (சிபியு தன் கேஷுக்குள் ஒரே மூச்சில் எடுத்து வைக்கும் ராம் துண்டு). டிஎம்ஏ புதுப் பாக்கெட்டை ராமில் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் கவுன்டரைத் தொடும். அப்போது அந்த லைன் பழைய உள்ளடக்கத்தோடு கேஷில் நிற்கும். டிஎம்ஏ முடிந்ததும் கெர்னல் கேஷைச் சுத்தம் செய்யும்போது, பஃபர் ஒரு பகுதி மட்டுமே இருக்கும் ஓரத்து லைன் என்பதால் அதை ராமுக்குத் திருப்பி எழுதிவிட்டுத்தான் தள்ளும். புதிதாக வந்த ஹெடரின் (பாக்கெட்டின் முன்பகுதி) மேல் பழைய ஹெடர் உட்கார்ந்துவிடும். ஹெடரில்தான் பாக்கெட்டின் நீளம் இருக்கிறது. வழக்கமான ஸ்டேட்டஸ் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே நீளம், அதனால் பழைய நீளம் வந்தாலும் கெடுதல் தெரியாது. ரிப்போர்ட் பாக்கெட் நீளமானது. அதற்கு அடுத்த சின்னப் பாக்கெட்டுக்குப் பழைய பெரிய நீளம் ஒட்டிக்கொண்டால், டிரைவர் சரிபார்க்காமல் அவ்வளவையும் சின்னப் பஃபரில் காப்பி செய்து பக்கத்துத் துண்டை மிதித்துவிடும். அந்தத் துண்டு யாருடையதோ அவர் அப்புறம் எங்கேயோ விழுவார். தர்மபுரி அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

பஃபரைத் தனி கேமாலக்கில் (கெர்னலில் மெமரி வாங்கும் ஃபங்ஷன்) வாங்கினோம், நீளத்தையும் சரிபார்த்தோம். பழைய டிரைவர் தாங்காத அதே ஸ்கிரிப்ட் இப்போது எவ்வளவு ஓடினாலும் விழுவதில்லை.

மறுமொழி, பொம்மசந்திராவிலிருந்து

அண்ணா, அருமையான பதிவு. எங்களுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. லாக்கைப் பார்த்தால் “தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன்” என்று விழுந்திருக்கும். அந்த முகவரியில் பைனரியைத் திறந்து பார்த்தால் இன்ஸ்ட்ரக்ஷன் சரியாகவே இருக்கும். கோடைத் தேடித் தேடி அலுத்துப்போய், ஆசிலோஸ்கோப்பைச் சிபியு பவர் ரெயிலில் மாட்டி, மின்னழுத்தம் இறங்கினால் பிடிக்கும்படி ட்ரிகர் வைத்தோம். பக்கத்து பேனலில் பெரிய கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) இழுக்கும் நேரத்தில் ரெயில் சட்டென்று சரிந்தது. சப்ளையையும் கிரவுண்டிங்கையும் மாற்றியதும் தீர்ந்தது. ஸ்கோப் இல்லாமல் கெர்னல் கிராஷை ஆராயக் கூடாது என்று எங்கள் டீமில் இப்போது எல்லோரும் சொல்கிறோம்.

மறுமொழி, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து

என்னுடையது ஆர்டிக்கே உரிய கோளாறு. 2024 கடைசியில் வந்த லினக்ஸ் 6.12-லிருந்து ஆர்டி மெயின்லைனிலேயே (அதிகாரபூர்வக் கெர்னலில்) இருப்பதால் பலர் இப்போது முதல் முறையாக அதை ஆன் செய்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்டியில் சாதாரண ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) தூங்கக்கூடிய லாக்காக மாறிவிடும். ரா ஸ்பின்லாக் மட்டும்தான் பழையபடி. எங்கள் ஜிபிஐஓ (சிப்பின் பொதுப் பின்கள்) டிரைவர் ரா லாக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே சாதாரண லாக்கை எடுத்தது. லாக் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. வேறொருவர் அதே நேரத்தில் பிடித்திருந்தால்தான், ரா லாக்கோடு தூங்கவே கூடாத இடத்தில் தூங்கப் போய் விழும். மாதக்கணக்கில் நன்றாக ஓடி, கஸ்டமரிடம் போய் விழுந்தது. தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் அட்டாமிக் ஸ்லீப் டீபக்கையும், லாக் எடுக்கும் முறையைச் சோதிக்கும் லாக்டெப்பையும் ஆன் செய்த கெர்னலில் அதே கோடு பூட் ஆகும்போதே கத்தியது. டெவலப்மென்ட் பில்டில் இந்த இரண்டும் இல்லாமல் ஆர்டி வேலை பார்க்காதீர்கள்.

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரும் லாக் சிக்கலால்தான் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது, அது பிரையாரிட்டி இன்வர்ஷன் (தாழ்ந்த முன்னுரிமை வேலை பிடித்த லாக்குக்காக உயர்ந்த முன்னுரிமை வேலை காத்துக் கிடப்பது). பூமியில் இருந்த அதே மாதிரி கருவியில் அந்தக் கோளாறை வரவழைத்த பிறகுதான் பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸை (லாக்கைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தருவது) ஆன் செய்து தீர்த்தார்கள்.

ஒரு கேள்வி அண்ணா: ஸ்லப் டீபக்கை ஃபீல்டுக்குப் போகும் போர்டிலும் விட்டுவைக்கலாமா? லேட்டன்சி (பதில் சொல்ல ஆகும் தாமதம்) தாங்குமா?

மறுமொழி, பீன்யாவிலிருந்து

நாங்கள் விடவில்லை தம்பி. ஸ்லப்பின் எல்லா கேஷுக்கும் (ஒரே வகை மெமரித் துண்டுகளின் தொகுப்பு, சிபியு கேஷ் அல்ல) போட்டால், தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டில் மோசமான லேட்டன்சி தெளிவாகவே ஏறியது. ஒரே ஒரு கேஷுக்கு மட்டும் பெயர் கொடுத்தும் போடலாம், சோதனைக்கு அது போதும். ராமூப்ஸை மட்டும் எல்லாப் போர்டிலும் நிரந்தரமாக விட்டிருக்கிறோம். அதைப் போடும்போது பூட்லோடர் அந்த ராம் பகுதியைத் துடைத்துவிடுகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒரு பேனிக் வரவழைத்து, லாக் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.