ஆண், பெண் பட்ஜி ஒரே கூண்டில்: பானை கட்டாமல் வளர்க்க முடியுமா?

கொரட்டூர்வாசி:

வணக்கம். வீட்டில் இரண்டு பட்ஜிகள் இருக்கின்றன, கடையில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று பச்சை, இன்னொன்று முழு மஞ்சள், சிவப்புக் கண். குஞ்சாக வாங்கியது, இப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். வாங்கும்போது இரண்டுக்கும் மூக்கு கிட்டத்தட்ட ஒரே நிறம், "ஜோடி சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

கொஞ்ச நாளாகப் பச்சைக்கு மூக்கு காபிப்பொடி நிறத்துக்கு மாறி, பொருக்குத் தட்டினாற்போல ஆகிவிட்டது. ஏதாவது நோயா? மஞ்சளுக்கு இன்னும் ஊதா கலந்த ரோஸ்தான், நீலம் வரவே இல்லை, அதனால் அதுதான் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதுதான் தலையை மேலும் கீழும் ஆட்டி, அலகால் கம்பியைத் தட்டி, பச்சையின் வாயில் எதையோ கக்கி ஊட்டுகிறது. அம்மா பார்த்துவிட்டு வாந்தி எடுக்கிறது, டாக்டரிடம் கொண்டுபோ என்கிறார். பச்சையோ தீனிக் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மஞ்சளைக் கிட்டவே விடுவதில்லை, கூண்டின் அடியில் விரித்த பேப்பரைக் கிழித்துப் போடுகிறது.

கடையில் கேட்டதற்கு உடனே முட்டையிடக் கூண்டில் பானை கட்டுங்கள், இல்லாவிட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே தங்கிச் செத்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். எங்களுக்குக் குஞ்சு வேண்டாம், இருப்பது சின்ன ஃபிளாட். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டுமா? பானை இல்லாமல் சேர்த்து வைத்தால் ஆபத்தா? கூண்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினை, கம்பு கொடுக்கிறேன், யூடியூபில் சொன்னார்கள் என்று தினமும் வேகவைத்த முட்டையும் முளைகட்டிய பயறும் கொடுக்கிறேன்.

மாடிவீட்டு மதுரைக்காரன்:

நண்பரே, முதலில் மூக்கு. பச்சைக்கு நோய் இல்லை, அது பெண். பெண் பட்ஜி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது மூக்கு பழுப்பாகித் தடித்துச் செதிலாகும், பருவம் தணிந்தால் மேல்தோல் உதிர்ந்து வெளிறிப்போகும். பூச்சியால் வரும் செதில் நோய் வேறு. அதில் அலகின் ஓரம், கண்ணைச் சுற்றி, கால் எல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகளோடு வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். மூக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது என்றால் கவலை வேண்டாம்.

மஞ்சள் ஆண். முழு மஞ்சளும் சிவப்புக் கண்ணும் இருந்தால் அது லுட்டினோ. லுட்டினோ, அல்பினோ (முழு வெள்ளை, சிவப்புக் கண்) ஆண்களுக்கு வயதானாலும் மூக்கு நீலமாகாது, கடைசிவரை ரோஸ் அல்லது ஊதா கலந்த ரோஸ்தான். நீல மூக்கு ஆண், மற்றதெல்லாம் பெண் என்ற கணக்கு சாதாரணப் பச்சை, நீலக் குருவிகளுக்குத்தான் சரியாக வரும். அம்மாவிடம் சொல்லுங்கள், அது வாந்தி இல்லை, பெண்ணுக்கு ஊட்டுகிறது. வாந்தி என்றால் தலையை உதறும், முகத்திலும் தலையிலும் ஈரமாக ஒட்டிக்கிடக்கும், ஆளும் சோர்ந்துபோய் இருக்கும்.

ஆக, கடைக்காரர் தெரிந்து சொன்னாரோ குத்துமதிப்பாகச் சொன்னாரோ, உங்களிடம் இருப்பது நிஜமான ஜோடிதான். பிரிக்கத் தேவையில்லை. ஜோடி சேர்ந்த ஆண் பட்ஜி, தன் பெண் கூப்பிடும் குரலைக் கற்றுக்கொண்டு தானும் அதே மாதிரி கூவும் என்பது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டதைப் பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் நாள் பூராவும் கத்திக்கொண்டிருக்கும், உங்களுக்கும் நிம்மதி போய்விடும்.

முட்டை வயிற்றில் தங்கிச் செத்துவிடும் என்பது பானை விற்கிற பேச்சு. இந்தக் குருவியின் ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதி. அங்கே மழை பெய்து புல் விதை கட்டினால்தான் முட்டை வைக்கும், மழை இல்லாவிட்டால் சும்மா கூட்டமாகத் திரியும். தீனி ஏராளம், வெளிச்சம் நீளம், உட்கார்ந்து அடைகாக்க ஒரு பொந்து, கூடவே ஒரு ஆண், பொதுவாக இவ்வளவும் சேர்ந்தால்தான் அதன் உடம்பு முட்டையை உருவாக்க ஆரம்பிக்கும். சில பெண்கள் பொந்து இல்லாமலும் இட்டுவிடும் என்பது உண்மை, ஆனால் பெரும்பாலும் இடாது.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். தினமும் முட்டை, முளைகட்டிய பயறு, ராத்திரி டிவி அணைகிறவரை ஹாலில் லைட். ஆஸ்திரேலியாவில் மழைக்காலம் வந்ததுபோல நீங்களே செட்டு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்! முட்டையையும் முளைப்பயறையும் அடியோடு நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினை, சாமை, கம்பு, அப்புறம் கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுக்கலாம். சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கெல்லாம் கூண்டை அமைதியான அறைக்குக் கொண்டுபோய்க் காற்று போகிற மாதிரி துணி போட்டு மூடுங்கள், காலையில் ஏழு மணிவரை இருட்டாக இருக்கட்டும். அது புகுந்து உட்காரும் ஆழமான கிண்ணத்தை எடுத்துவிட்டு, உள்ளே உட்கார முடியாத சின்னக் கப் இரண்டு, ஒரே உயரத்தில், கூண்டின் இரண்டு பக்கமும் மாட்டுங்கள். மஞ்சளைத் துரத்துவதும் அதோடு பாதி குறையும். பேப்பருக்கு மேல் ஒரு கம்பித்தட்டு வந்துவிட்டால் கிழிக்கவும் முடியாது.

ஒரு விஷயம், பட்ஜியில் பெண்தான் ராஜ்ஜியம். ஆணைத் தள்ளுவது, அலகைக் காட்டி மிரட்டுவது எல்லாம் சகஜம். ரத்தம் வந்தாலோ, காலைப் பிடித்துத் தொங்கிக் கடித்தாலோ, மஞ்சள் சாப்பிடவே முடியாமல் இளைத்தாலோதான் பிரிக்க வேண்டும்.

ராயல்_பேர்ட்ஸ்_பிரியன்:

ப்ரோ, இவ்வளவு யோசிக்கிறதுக்கு ஒன்னுமே இல்லை. ஜோடி சேர்ந்த பறவைக்குப் பானை கட்டாமல் வைக்கிறது பாவம். ஒரு பானை கட்டுங்க, தானா முட்டை வைக்கும், தானா பொரிக்கும், நீங்க தீனி போட்டா போதும். குஞ்சுகளைக் கடையிலேயே எடுத்துக்குவாங்க. என்கிட்ட எப்பவும் பத்துப் பதினஞ்சு குருவி இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்லை.

தினைக்காரி:

மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இந்த யோசனை இவருக்குச் சரிவராது. அந்தப் பச்சைக்கு ஏழெட்டு மாதம்தான். நாலைந்து மாதத்திலேயே முட்டை இடும் உடம்பு வந்துவிடும், ஆனால் ஒரு வயதுக்கு முன்னால் பானை கட்டினால் முட்டை அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். கடைக்காரர் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாரோ அது பானை கட்டினால்தான் அதிகம் நடக்கும், அதுதான் வேடிக்கை. இன்னொன்று, ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகள் ஒரே பானையில் பிறந்ததாகவும் இருக்கலாம். கூடப்பிறந்தவை சேர்ந்து பொரித்தால் குஞ்சு பலவீனமாக வரும் வாய்ப்பு உண்டு.

தானாகப் பொரிக்கும் என்பதும் பாதி உண்மைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நாலு முதல் ஆறு முட்டை, சிலசமயம் அதற்கு மேலும் வைக்கும். ஒவ்வொன்றும் பொரிய 18 நாள். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க ஆரம்பிப்பதால் மூத்த குஞ்சுக்கு இறகு முளைக்கும்போது கடைசிக் குஞ்சு விரல்நுனி அளவுதான் இருக்கும், அது மிதிபட்டோ பட்டினி கிடந்தோ போய்விடாமல் தினம் பானைக்குள் பார்க்க வேண்டும். குஞ்சு வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அம்மாக்காரி அடுத்த சுற்று முட்டைக்குத் தயாராகிவிட்டால் வெளியே போகாத குஞ்சின் முதுகு, தலை இறகைப் பிடுங்குகிற தாய்களும் உண்டு. சித்திரை வெயிலில், ஷீட் போட்ட இடத்தில், பானைக்குள் குஞ்சுகள் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் தெரிந்து, இடமும் நேரமும் இருந்து, வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் விடாமல் செய்பவர்கள் செய்யட்டும். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறவரை ஏன் இழுக்க வேண்டும்? கடையில் கொடுத்த குஞ்சு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

கொரட்டூர்வாசி, பானை கட்டாமலே முட்டை இட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே எடுத்து எறிந்துவிடாதீர்கள், எண்ணிக்கை குறைகிறதே என்று அது மேலும் மேலும் இட்டு உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எல்லாம் கரைத்துவிடும். இட்ட அன்றே எடுத்து வேகவைத்து, நன்றாக ஆறியதும் திரும்ப அதே இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அதே அளவில் பிளாஸ்டிக் முட்டை வையுங்கள். மூன்று வாரம் போல உட்கார்ந்து பார்த்துவிட்டு அதுவே சலித்து எழுந்துவிடும், அப்புறம் எடுத்துவிடலாம்.

முட்டை அடைத்துக்கொண்டால் இப்படித் தெரியும்: உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும், வால் மூச்சுக்கு மூச்சு ஆடும், முக்கும், சிலதுக்குக் கால் இழுத்துக்கொள்ளும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது, சில மணி நேரத்தில்கூட உயிர் போய்விடலாம். விளக்கெண்ணெய் தடவிப் பிதுக்கி எடுப்பது என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள், என் உறவுக்காரர் வீட்டில் அப்படிச் செய்து முட்டை உள்ளேயே உடைந்து குருவி போய்விட்டது. கூண்டுக்கு வெளியே ஒரு பக்கமாகக் குண்டு பல்பு போட்டுக் கதகதப்பாக வைத்து, அந்த நிலையிலேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நீங்கள் சென்னை என்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் பறவை பார்க்கிற டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கால்நடை மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை.

கொரட்டூர்வாசி:

ரொம்ப நன்றி, அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். கிண்ணத்தை மாற்றிவிட்டேன், பச்சைக்குப் பயங்கரக் கோபம். இன்னொரு சந்தேகம். மூன்றாவதாக ஒரு குருவி வாங்கி விட்டால் கவனம் சிதறி ஜோடி சேராமல் இருக்குமா? நண்பன் ஒரு பெண் குருவி தருகிறேன் என்கிறான்.

மாடிவீட்டு மதுரைக்காரன்:

வேண்டவே வேண்டாம். ஒரே கூண்டில் இரண்டு பெண், ஒரு ஆண் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கணக்கு. பொந்துக்கும் ஆணுக்கும் பெண்கள் போடும் சண்டையில் ஒன்று செத்தே போகலாம். இரண்டு ஆண், ஒரு பெண் என்றாலும் சண்டைதான், கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

அதோடு, சேர்ந்த ஜோடி அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2019இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பெண் பட்ஜி முதலில் விரும்பாத ஆணுக்கு, மூடிய தீனிப் பெட்டியைத் திறக்கப் பழக்கிவிட்டு, அது திறப்பதைப் பெண்ணைப் பார்க்க வைத்தார்கள். பெண்கள் பழைய ஆளை விட்டுவிட்டு அதன் பக்கம் சாய்ந்துவிட்டன. அவ்வளவு யோசிக்கிற ஜென்மத்தின் வீட்டுக்குள் மூன்றாவது ஆளை விட்டு ஏன் வம்பை வாங்குகிறீர்கள்?

குஞ்சு வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்து வாங்குகிறவர்களுக்கு நான் இரண்டு ஆண் வாங்கச் சொல்வேன், ஒன்றோடு ஒன்று கொஞ்சிக்கொண்டு சமாதானமாக இருக்கும். இரண்டும் பெண் என்றால், கூண்டு பெரிதாக இருந்தால் ஒத்துப்போகலாம், சின்னக் கூண்டில் கஷ்டம். உங்கள் விஷயத்தில் ஜோடி ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டது, அப்படியே விடுங்கள். கூண்டு என்ன அளவு? நீளம் இரண்டரை அடியாவது வேண்டும், உயரத்தைவிட நீளம்தான் முக்கியம், இவை பக்கவாட்டில் பறக்கிற ஜாதி.

ராயல்_பேர்ட்ஸ்_பிரியன்:

சரி, ஒரு வயசு கணக்கு ஒத்துக்கறேன். ஆனா பானை கட்டாம வச்சா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?

தினைக்காரி:

பொழுதுபோகாவிட்டால்தான் கஷ்டம். இலையோடு வேப்பங்குச்சி, முருங்கைக் கொம்பு, கொறிக்கத் தென்னை ஈர்க்குக் கட்டு எல்லாம் போட்டுப் பாருங்கள், பேப்பரைக் கிழிக்கிற வேகம் முழுவதும் அங்கே போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை குருவி உட்காரும் கம்புகளை இடம் மாற்றுங்கள், கூண்டின் அமைப்பு மாறிக்கொண்டே இருந்தால் முட்டை இடும் எண்ணமும் தள்ளிப்போகும். கொஞ்சும்போது முதுகைத் தடவ வேண்டாம், தலையை மட்டும் தடவுங்கள். முதுகைத் தடவினால் பெண்ணுக்கு அதுவே தூண்டுதல்.

கொரட்டூர்வாசி:

கூண்டு ஒன்றரை அடிதான், மாற்றிவிடுகிறேன். கால்சியத்துக்குக் கடல் நுரை (கணவாய் ஓடு) வாங்கிக் கட்டினேன், இரண்டும் சீண்டவே இல்லை. பொடி செய்து தண்ணீரில் கலக்கலாமா?

மாடிவீட்டு மதுரைக்காரன்:

தண்ணீரில் கலந்தால் அடியில் தங்கிவிடும், தண்ணீரும் கெட்டுப்போகும். எந்தப் பக்கம் திருப்பிக் கட்டினீர்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம் ஓடு மாதிரி கெட்டி, மறுபக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். உதிரும் பக்கம் குருவியைப் பார்த்தபடி, அது வழக்கமாக உட்காரும் கம்புக்குப் பக்கத்தில் கட்டுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் சுரண்டித் தினைமேல் தூவிவிட்டால் ருசி பிடித்துக்கொள்ளும். அதோடு காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் பால்கனியில் வையுங்கள், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. நேரடி வெயில் பட்டால் உடம்பு கால்சியத்தை நன்றாக எடுத்துக்கொள்ளும். கூண்டில் பாதி நிழலில் இருக்கட்டும், காக்காவும் பூனையும் வரும், அதனால் பக்கத்திலேயே யாராவது உட்கார்ந்திருங்கள்.